மருந்து போடாத தோட்டாக்கள்

ஆமைக்கரடு என்ற ஊரில் கோபத்தைத் தோட்டாவுக்குள் அடைக்கிற வழக்கம் ஒரு மறதியில்தான் தொடங்கியது, அதுவும் துப்பாக்கி பிடிக்கிற எவரும் மறக்கவே கூடாத மறதியில். துளசிமணி அன்றைக்குத் தோட்டாவுக்குள் வெடிமருந்து போட மறந்துவிட்டாள்.

துளசிமணி தட்டு சுடுகிறவள். மெஷின் ஒன்று களிமண் தட்டை விசிறி எறியும், அது தரைக்கு வருவதற்குள் ஆகாயத்திலேயே உடைக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த விளையாட்டு. அவளுடைய அப்பா காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி லைசென்சோடு அவள் கைக்கு வந்தது, கரட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த துப்பாக்கி சுடும் சங்கத்தில் பெண்களுக்குச் சந்தா இல்லை என்று ஒரு வருஷம் அறிவித்தார்கள், போனாள், சுட்டாள், அன்றிலிருந்து அவளுக்கு வேறெதுவும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டு பணக்காரர்களுக்காகப் பணக்காரர்கள் கண்டுபிடித்தது. மில்காரர்களும் டாக்டர்களும் வெளிநாட்டுத் தோட்டாவைப் பொரி மாதிரி வாரி வாரிச் சுட்டுவிட்டுக் காலிக்கூட்டைக் காலடியில் போட்டுவிட்டுப் போவார்கள், அவர்கள் கார் ஏறிய பிறகு துளசிமணி குனிந்து குனிந்து அதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்வதற்கான அனுமதியையும் அலைந்து வாங்கியிருந்தாள். சமையல்கட்டு மேஜையில் திருகி வைத்த கைப்பிரஸ்ஸில் கூட்டை நிறுத்தி, அடியில் பொரிந்துபோயிருக்கிற பழைய கேப்பு மூடியைத் தட்டி எடுத்துப் புதுக்கேப்பு வைத்து, மருந்து போட்டு, தக்கை போட்டு, டயர்க்கடையில் கேட்டு வாங்கிய ஈயத்தை உருக்கிச் செய்த ரவையைப் போட்டு, கைப்பிடியை இழுத்தால் கூட்டின் வாய் மடங்கி மூடிக்கொள்ளும். சங்கத்தில் அதற்கு எச்சில் தோட்டா என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தவர் சங்கத் தலைவர் சென்னியப்பன், கரட்டை உடைத்து ஜல்லியாக்கி விற்கிற கல்குவாரியின் முதலாளியும் அவரேதான்.

ஊர் அந்தக் கரட்டின் அடியில் இருந்தது. ஆமை படுத்திருப்பது போன்ற பாறைக்குன்று. சென்னியப்பன் அதை வால்பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கி முதுகு வரைக்கும் வந்துவிட்டார், மிச்சமிருந்தது வீடுகளுக்கு நேர்மேலே இருந்த தலைப்பக்கம். அதையும் கேட்டு மனுப் போட்டிருந்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வந்து கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவார்கள், ஊர் வேண்டாம் என்று சொன்னால் நிற்கும், சொல்லாவிட்டால் தலையும் போகும், தலை போனால் ஊர் போகும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

துளசிமணி மருந்தை மறந்த அன்று காலையில் குவாரியில் வேட்டு வைத்தபோது அவளுடைய சமையல்கட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது, கை நுழைகிற அளவுக்கு. நேராகக் குவாரி ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் தலையை நிமிர்த்தாமலே, பழைய வீடென்றால் விரிசல் விடத்தான் செய்யும், பூசிக்கொள்ளுங்கள் என்றான். எடைமேடையில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவன் அவளுடைய புருஷன் தெய்வசிகாமணி. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுத்த சீட்டைக் கிழித்தான். துளசிமணி வீட்டுக்கு வந்து பிரஸ்ஸின் முன் உட்கார்ந்து, சென்னியப்பனைத் திட்டியும் மேனேஜரைத் திட்டியும், எல்லாரையும்விட அதிகமாகப் புருஷனைத் திட்டியும், கழுத்தை நெரிக்கிற மாதிரி கைப்பிடியை இழுத்து இழுத்து ஒரு பெட்டித் தோட்டாவை அடைத்து முடித்தாள்.

மருந்தில்லாத தோட்டா வெடிக்காது. கேப்பு மட்டும் பொசுக்கென்று பொரியும், தக்கை குழலுக்குள் பாதியில் நிற்கும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்து முகம் போகும். அன்றைக்குச் சங்கத்தில் எல்லாமே வெடித்தன. சாதாரணமாகத் தட்டு நாலு சில்லாக உடையும், அன்றைக்கு ஒவ்வொரு தட்டும் மாவாகிக் காற்றில் போயிற்று. புகையில் மருந்து வாசனை இல்லை, வரமிளகாய் வறுத்த நெடிதான் இருந்தது, பக்கத்து மேடையில் நின்ற டாக்டர் தும்மித் தும்மி ஓய்ந்தார். சென்னியப்பனே எழுந்து நின்று கைதட்டினார். துளசிமணி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தாள். விரிசல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டுப் புருஷனுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள். மேஜையைத் துடைக்கிறபோதுதான் மருந்து டப்பா தளும்பத் தளும்ப நிரம்பியிருந்ததைக் கண்டாள், சரி, இனி மருந்துச் செலவு மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

மருந்து போடாமல் அடைத்த அடுத்த பெட்டி புஸ்ஸென்று போனது. அவளிடம் கோபம் தீர்ந்திருந்தது, எவ்வளவு முக்கினாலும் வரவில்லை. அப்போதுதான் பால்வாடி ஆயா பாப்பாயி வந்து மேஜைக்கெதிரே உட்கார்ந்து, பால்வாடிக் கூரையை மாற்றித் தரச்சொல்லி எத்தனை தடவை எழுதிக் கொடுப்பது, இவன்களெல்லாம் சோற்றைத்தான் தின்கிறான்களா என்று பொரிந்து தள்ளினாள். பேசுகிற வேகத்தில் ஒரு காலிக்கூட்டைக் கையில் எடுத்து வாய்க்கருகே வைத்திருந்தாள். துளசிமணி அதை மெதுவாக வாங்கித் தக்கையும் ரவையும் போட்டு மூடினாள். மறுநாள் அந்த ஒரு தோட்டாவுக்குத் தட்டு மாவாயிற்று. பாப்பாயி அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினதாகச் சொன்னாள், ஊரெல்லாம் போய்ச் சொன்னாள்.

ஊர் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவுமில்லுக்குக் கம்பு கொண்டுபோகிற மாதிரி கோபத்தைக் கொண்டுவந்தார்கள். வாசலில் வரிசை நின்றது. கூட்டின் வாயில் வாயை வைத்து ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள், ஆவி போவதற்குள் துளசிமணி தக்கையை அமுக்கி மூடிவிடுவாள். போகப்போக அவளுக்குப் பக்குவம் பிடிபட்டது. புருஷன்மேல் வைத்த கோபம் வெடித்ததும் சிதறிவிடும், கிட்டத்தில் பறக்கிற தட்டுக்குத்தான் ஆகும். ரேஷன்கடைக் கோபம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். கீழத்தெருவிலிருந்து வந்த கோபம் தாத்தன் காலத்திலிருந்து சேர்ந்தது, தோளில் உதைத்தால் ரத்தம் கட்டிவிடும், ஆனால் எவ்வளவு தூரத்துத் தட்டும் தப்பாது. புதுப்பெண்ணின் கோபத்தைச் சுட்டால் உடனே வெடிக்காது, விசையை இழுத்து ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். டி.வி. பார்த்து வந்த கோபத்தை ஆண்பிள்ளைகள் நிறையக் கொண்டுவந்தார்கள், அதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை, குழலைக் குச்சிவிட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அதை அவள் வாங்குவதேயில்லை.

ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து லைசென்ஸ்களைப் புரட்டிப் பார்த்தார். வெடிமருந்துக்குச் சட்டம் இருந்தது, கோபத்துக்கு இல்லை. எதற்கும் மேலே எழுதிக் கேட்கிறேன் என்று எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மேலதிகாரியைப் பற்றிக் கொஞ்ச நேரம் ஒரு கூட்டுக்குள் பேசிவிட்டுப் போனார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை தேங்கிக் கிடந்தது. டீக்கடையில் வாக்குவாதம் நின்றுபோய் பேப்பரைப் பிரிக்காமலே எடைக்குப் போட்டார்கள். வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த அண்ணன் தம்பி கறிவிருந்து வைத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் டிப்பர் லாரி வேகமாக வந்தால் பொம்பளைகள் குறுக்கே நின்று மறிப்பார்கள், டிரைவர் இறங்கிக் கும்பிட்டால்தான் வழி கிடைக்கும். இப்போது பிள்ளையைக் கையில் பிடித்து ஓரமாக நின்று புழுதியை வாங்கிக்கொண்டு போனார்கள். துளசிமணிக்கு எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள், மண்டலப் போட்டியில் ஜெயித்தாள், மாநில அணித் தேர்வுக்குக் கோயம்புத்தூருக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

இதில் என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டது ஊர் இல்லை, சென்னியப்பன். அந்த மனுசனுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. லாரி தடையில்லாமல் போகிறது, வேட்டுக்கு யாரும் ஓடி வருவதில்லை, ஏன் என்று ஒருநாள் யோசித்தார், மறுநாள் வெள்ளைக் காரில் துளசிமணியின் வீட்டுக்கு வந்தார். எச்சில் தோட்டா என்று சொன்ன அதே வாயால், அம்மிணி நம்மூரின் பெருமை என்றார். புது பிரஸ் ஒன்று கொடுத்தார், காலிக்கூடுகளை மூட்டை மூட்டையாகக் கொடுத்தார், எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே கம்பெனி. வரிசையில் நிற்கிறவர்களுக்கு வெயிலடிக்குமே என்று பந்தல் போட்டுக் கொடுத்து மோருக்கும் ஏற்பாடு செய்தார். கருத்துக் கேட்புக் கூட்டத்தின் தேதியும் தேர்வின் தேதியும் ஒன்றாக விழுந்தபோது, கூட்டத்துக்கு நீ வந்துதான் ஆக வேண்டுமா, கார் அனுப்புகிறேன், நிம்மதியாகப் போய்ச் சுட்டுவிட்டு வா என்றார். அவள் நன்றி சொன்னாள். ஆமாம், நன்றிதான் சொன்னாள். புருஷனும் கூடவே நின்று தலையாட்டினான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வேட்டு வைத்தார்கள். கரட்டிலிருந்து கிளம்பிய ஒரு கல், ஆட்டுக்கல் அளவு இருக்கும், ஊருக்கு மேலே பறந்து வந்து பால்வாடியின் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வைத்திருந்த நேரம். கை கழுவாமல் உட்காரக்கூடாது என்று பாப்பாயி எல்லாரையும் குழாயடிக்கு விரட்டியிருந்தாள், அந்த ஒரு பிடிவாதத்தில்தான் பிள்ளைகள் பிழைத்தன. சோற்றுத் தட்டுகளின் நடுவில் கல் உட்கார்ந்திருந்தது. சாம்பார் சுவர்வரை தெறித்திருந்தது.

தாய்மார்கள் ஓடி வந்தார்கள். பிள்ளையைத் தூக்கித் தடவிப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், ஓட்டையின் வழியாகத் தெரிந்த கரட்டைப் பார்த்தார்கள். பிறகு, இதை எப்படிச் சொல்வது, சொல்லும்போதே வயிறு எரிகிறது, அவர்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் துளசிமணியின் பந்தலுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு சிவப்புக் கூட்டை வாங்கி வாயில் வைத்துச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் முகம் தெளிந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு உலை வைக்க வீட்டுக்குப் போனார்கள். ஒருத்திகூட குவாரிப் பக்கம் திரும்பவில்லை.

துளசிமணி எல்லாவற்றையும் அடைத்தாள். கை பழக்கத்தில் ஓடியது. அடைத்த தோட்டாக்கள் கைவைக்க முடியாமல் சுட்டன, பிளாஸ்டிக் தட்டு இளகி மேஜையோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு கனமான சரக்கு இதுவரை வந்ததில்லை, நாளைக்கு ஒரு தட்டும் தப்பாது, அணியில் இடம் நிச்சயம் என்று சந்தோஷமாக நினைத்தாள். நினைத்த பிறகு, தான் நினைத்தது இன்னதென்று அவளுக்கே கேட்டது. பிள்ளைகளின் சோற்றில் கல் விழுந்திருக்கிறது, நான் தட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். கோபப்பட்டுப் பார்த்தாள். கண்ணை மூடி அந்தக் கல்லை நினைத்தாள், சாம்பாரை நினைத்தாள், மேனேஜரை நினைத்தாள், காலண்டரைக் கழற்றிச் சுவரின் பிளவில் கையை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்குப் பயம் வந்தது. எழுந்து பாப்பாயி வீட்டுக்கு ஓடினாள்.

பாப்பாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்குக் கோவமே வர்லீங்களா?" என்று கேட்டாள் துளசிமணி.

"அதத்தான் உங்கிட்ட குடுத்துட்டனே கண்ணு," என்றாள் பாப்பாயி, முகமெல்லாம் சிரிப்பாக. "நீ நல்லாச் சுடு போ."

துளசிமணி திரும்பி வந்தாள். எல்லாக் கூடும் ஒரே சிவப்பாக இருந்ததால் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. கைக்கு வந்த ஒன்றை எடுத்து மடங்கிய வாயைக் கத்திமுனையால் நெம்பித் திறந்து, ரவையைக் கொட்டி, தக்கையைப் பிடுங்கிவிட்டுக் கூட்டை வாயில் கவிழ்த்துக்கொண்டாள். மிளகாயைக் கடித்த மாதிரி தொண்டை எரிந்தது, காது அடைத்தது, கண்ணில் நீர் கொட்டியது. எவளோ ஒருத்தியின் கோபம் அவளுடைய உடம்பெல்லாம் ஏறியது. அந்த ஒருத்தி சென்னியப்பனைத் திட்டியிருந்தாள், கலெக்டரைத் திட்டியிருந்தாள், கூடவே துளசிமணியையும் திட்டியிருந்தாள், அந்தாள் தந்த மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஊர்வாயை அடைக்கிறாளே இவள் என்று. துளசிமணி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை நாள் சுட்டதெல்லாம் காற்றோடு போயிற்று, தாத்தன் காலத்துக் கோபமெல்லாம் களிமண் தட்டை உடைப்பதற்கு வீணாயிற்று, மிஞ்சியது இந்தத் தாய்மாருடையது மட்டும்தான். அதை அவள் சுடப்போவதில்லை.

காலையில் வெள்ளைக் கார் வந்தது. துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுத் தோட்டாக்களை ஒரு எவர்சில்வர் அண்டாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, முதலில் கூட்டம் நடக்கிற கல்யாண மண்டபத்துக்கு விடு என்று டிரைவரிடம் சொன்னாள்.

மண்டபத்தில் சென்னியப்பன் செலவில் கேசரியும் உப்புமாவும் ஓடிக்கொண்டிருந்தன. ஊரே வந்திருந்தது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. மேடையில் அதிகாரி மைக்கைத் தட்டி, குவாரி விரிவாக்கத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார். எழுந்தவர்கள் கேசரிக்குத்தான் எழுந்தார்கள். துளசிமணி அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பந்தியில் பதார்த்தம் பரிமாறுகிற மாதிரி, ரவையைக் கொட்டிவிட்டு வாயில் கவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனாள். ஊருக்கெல்லாம் காணாது என்பதால் ஒன்றை நாலைந்து பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தார்கள், சாவியால் நெம்பினார்கள், பாக்குவெட்டியால் வெட்டினார்கள். யாருடைய கோபம் யாருக்குப் போனது என்று பார்க்க வழியில்லை. மேலத்தெருப் பெரியவர் ஒருவருக்குக் கீழத்தெருத் தாயின் கோபம் கிடைத்தது, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். வாய்க்கால் தகராறு அண்ணன்காரனுக்குத் தம்பி பெண்டாட்டியுடையது கிடைத்தது. எஸ்.ஐ.க்கு யாருடையதோ கிடைத்தது, தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

தெய்வசிகாமணி மேடைக்குக் கீழே, சென்னியப்பனுக்குப் பக்கத்தில், அதிகாரிக்குப் போடுவதற்கு மாலைத்தட்டை ஏந்திக்கொண்டு நின்றான். துளசிமணி கடைசித் தோட்டாவைத் திறந்து அவன் கையில் வைத்தாள். அவன் முதலாளியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு ஒரே மூச்சாக அதை வாயில் கவிழ்த்துக்கொண்டான். மாலைத்தட்டு கீழே விழுந்தது. மேடையேறி அதிகாரியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். பிறந்ததிலிருந்து எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தையில்லாதவன், கோயில் கோயிலாகச் சுற்றி அலுத்தவன்.

"எம்புள்ள தட்டுல கல்லு விழுந்துச்சுங்க," என்றான். "சோறு திங்க ஒக்கார வெச்ச புள்ளைங்க. எம்புள்ள தட்டுல."

யாரும் சிரிக்கவில்லை. உனக்கேது பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. பாப்பாயி முதலில் எழுந்தாள், பிறகு வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள், கேசரித் தட்டுகளை மிதித்துக்கொண்டு மேடையைப் பார்த்து நடந்தார்கள். எழுதுங்க, எழுதுங்க என்று நாலா பக்கமும் சத்தம் வந்தது, அதிகாரி பேனாவைத் தேடினார்.

புருஷன் மேடையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதைத் துளசிமணி பார்த்துக்கொண்டே நின்றாள். அவனை ஒருநாள் முழுக்கத் திட்டி ஒரு பெட்டியில் அடைத்துச் சுட்டவள் அவள். இப்போது அவளுக்கு அடிவயிற்றில் ஏதோ பற்றியது. அது இன்னொருத்தியுடையது இல்லை, எந்தக் கூட்டிலிருந்தும் வந்தது இல்லை, அவளுடையதேதான்.

சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். வேர்த்திருந்தது, ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அம்மிணி, நேரமாச்சு. மத்தியானத்துக்குள்ள நீ அங்க நிக்கோணும். வண்டியில புதுத் தோட்டா வெச்சிருக்கறன், வெளிநாட்டுச் சரக்கு, எவ்வளவு வேணுமோ எடுத்துக்க. உங்கோவத்த அங்க போயிச் சுட்டுத் தீத்துக்க. இங்க எதுக்கு?"

துளசிமணி காலி அண்டாவைக் கீழே வைத்தாள்.

"இத நாஞ் சுடறதா இல்லீங்க," என்றாள். "வெச்சுக்கறனுங்க."

சொல்லிவிட்டு மேடைக்கு ஏறி, புருஷனுக்குப் பக்கத்தில் நின்று, மைக்கை வாங்கினாள்.